வியன்னாவில் ஐந்து நாளும் ஒரு இருமலும்

நவம்பர் 14, வியாழன்

விமானத்திலேயே தொண்டை கரகரக்க ஆரம்பித்துவிட்டது. வியன்னாவில் இறங்கியபோது 4 டிகிரி. வெயில் இருந்தது, ஆனால் அது படத்தில் போட்ட வெயில், உடம்பில் உறைக்கவில்லை.

இந்த ஊருக்கு வந்ததே சங்கீதம் கேட்கத்தான். முப்பது வருடமாக மார்கழி சீசனுக்கு சபா சபாவாக அலைபவள் நான். பீத்தோவன், மோட்சார்ட், ஷூபர்ட், பிராம்ஸ் எல்லோரும் நடந்த தெருவில் நாமும் ஒரு தடவை நடந்துவிட வேண்டும் என்று ஓய்வு பெற்ற அன்றே தீர்மானித்திருந்தேன். தங்கை மகள் லின்ஸில் படிக்கிறாள், ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தாள். அதுவரை தனி ராஜ்ஜியம்.

பெட்டியை அறையில் போட்டுவிட்டு நேரே புனித ஸ்டீபன் பேராலயத்துக்குப் போனேன். மோட்சார்ட்டுக்கு 1782-இல் கல்யாணம் நடந்த இடம். வாசலை எட்டுவதற்குள் மோட்சார்ட்டே எதிரில் வந்தார். அரக்கு நிற வெல்வெட் அங்கி, வெள்ளை விக், காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. “நமஸ்தே மேடம்” என்றார். இன்று இரவு கச்சேரி, அரண்மனை மண்டபம், நல்ல இடம், 59 யூரோ. கிட்டத்தட்ட 5,300 ரூபாய். தூக்கக் கலக்கமா, அந்த நமஸ்தேயா தெரியவில்லை, கார்டை நீட்டிவிட்டேன்.

அரண்மனை என்றது ஒரு பழைய கட்டடத்தின் மாடி. ‘நல்ல இடம்’ என்றது ஒரு தூணுக்குப் பின்னால். எட்டுப் பேர் வாசித்தார்கள். எல்லாம் மூன்று நிமிடம், நான்கு நிமிடம். எல்லாம் ஏற்கெனவே செல்போன் மணியாகக் கேட்டுப் பழகியவை. நம் ஊர்ப் பாஷையில் சொன்னால், இரண்டு மணி நேரமும் துக்கடா. ராகமும் இல்லை, பல்லவியும் இல்லை, நேரே கடைசி அரை மணி. எனக்கு முன்வரிசையில் இருந்தவர் முழுவதையும் போனில் படம்பிடித்து, போன் வழியாகவே பார்த்தார். வாசித்தவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கிளாரினெட்காரர் இரண்டு உருப்படிகளுக்கு நடுவில் வாயை மூடிக்கொண்டு கொட்டாவி விட்டதைப் பார்த்தேன். பாவம், அன்றைக்கு அது எத்தனையாவது ஆட்டமோ.

திரும்பும் வழியில் ஒரு காப்பிக் கடை. இங்கே காப்பிக் கடை என்றால் பளிங்கு மேசை, வெல்வெட் சோபா, செய்தித்தாள் மாட்டிய மரச்சட்டம், கறுப்புக் கோட்டுப் போட்ட பரிசாரகர். ஒரு மெலாஞ்ச் (பால் நுரை மிதக்கும் காப்பி) வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். காப்பி வெள்ளித் தட்டில் வரும், கூடவே ஒரு தம்ளர் தண்ணீர், தம்ளரின் மேல் குறுக்கே கவிழ்த்துவைத்த ஸ்பூன். நான் வெந்நீர் கேட்டேன்.

“டீயா?”

“இல்லை, வெந்நீர்.”

“வெந்நீர் மட்டுமா?” என்று குனிந்து என் முகத்தைப் பார்த்தார். “உடம்பு சரியில்லையா?”

சின்ன பீங்கான் ஜாடியில் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து வைத்தார். பில்லில் அதற்குக் காசு போடவில்லை. 59 யூரோ துக்கத்தில் அது ஒரு ஆறுதல்.

இரவு தங்கை மகளிடம் போனில் சொன்னேன். “பெரியம்மா, விக் வச்சவங்க கிட்ட எதுவும் வாங்காதீங்கன்னு தனியா மெசேஜே போட்டிருந்தேனே” என்றாள். போட்டுத்தான் இருந்தாள். நான் பார்க்கவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

காலை குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷஸ் மியூசியம். ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் பேரரசர்கள் சேர்த்ததை எல்லாம் வைக்க 1891-இல் திறந்த மாளிகை. டிக்கெட்டுக்கு 21 யூரோ கொடுத்தேன். படிக்கட்டிலேயே பாதிக் கூட்டம் அண்ணாந்து நின்றுவிடுகிறது. நான் பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் ப்ரூகெலின் அறையைத் தேடிப் போனேன். இன்று உலகில் மிஞ்சியிருக்கும் ப்ரூகெல் ஓவியங்கள் சுமார் 40, அதில் 12 இங்கே இருக்கின்றன.

‘பனியில் வேட்டைக்காரர்கள்’ முன்னால் சோபா போட்டிருந்தது. முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. 1565-இல் வரைந்தது. வேட்டைக்காரர் மூவர், முதுகு காட்டித் தலை தொங்கப் போகிறார்கள். நாய்க் கூட்டம் பின்னால். இத்தனை நாய், இத்தனை ஆள், கிடைத்தது ஒரே ஒரு நரி, அதுவும் மெலிந்தது. இடப்பக்கம் விடுதி வாசலில் சிலர் தீ மூட்டுகிறார்கள். ஜுவாலை காற்றில் சாய்ந்திருக்கிறது. அந்த விடுதியின் பெயர்ப்பலகை ஒரு கொக்கி கழன்று தொங்குகிறது. கீழே தூரத்தில் உறைந்த குளத்தில் பொடிப்பொடியாக மனிதர்கள் சறுக்கி விளையாடுகிறார்கள். இந்தப் படத்தை நாள்காட்டியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், பலகை கழன்று தொங்குவது இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. இன்னும் கிட்டே பார்க்கலாம் என்று மூக்கை நீட்டினேன். கீச்சென்று அலாரம். காவலர் அம்மாள் எழுந்து வந்து திட்டவில்லை. தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, “இப்படி நின்று பாருங்கள், மூக்கு தானாகப் பின்னால் போகும்” என்று காட்டினார். பக்கத்து அறையிலும் அப்படியே நின்றேன். உண்மைதான்.

மதியம் ஒரு கதை. நான் சைவம். வருவதற்கு முன் மனப்பாடம் செய்த ஜெர்மன் வார்த்தை பத்து, அதில் ‘கேஸே’ என்றால் பாலாடைக்கட்டி. தெருவோரக் கடையில் ‘லேபர்கேஸே’ என்று எழுதியிருந்தது. ஆஹா, ஏதோ ஒரு ஊர் பாலாடைக்கட்டி போலிருக்கிறது என்று ஒன்று கேட்டேன். கடைக்காரர் ஒரு செங்கல்லில் இருந்து தடிமனாக ஒரு துண்டு அறுத்து ரொட்டிக்குள் வைத்தார். இளஞ்சிவப்பு. ஆவி பறந்தது. வாசனையில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “கேஸே?” என்று விரலை நீட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் கடை குலுங்கியது. லேபர் என்றால் ஈரல், கேஸே என்றால் பாலாடைக்கட்டி, ஆனால் இதில் ஈரலும் இல்லை, பாலாடைக்கட்டியும் இல்லை, முழுக்க அரைத்துச் சுட்ட பன்றியும் மாடும் என்று விளக்கினார். பெயரை வைத்தவனைச் சொல்ல வேண்டும். அதை எனக்குப் பின்னால் நின்ற கட்டடத் தொழிலாளியிடம் நீட்டினார், அவர் வாங்கிக்கொண்டார். எனக்கு வெறும் ரொட்டியில் நிஜமான பாலாடைக்கட்டியும் ஊறுகாய் வெள்ளரியும் வைத்துக் கொடுத்தார். கத்தியைக் கழுவச் சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவரே கழுவிவிட்டார்.

மாலை ஆப்பரா, அதாவது பாட்டாலேயே நடக்கும் நாடகம். 1869-இல் மோட்சார்ட்டின் ‘டான் ஜோவான்னி’யோடு திறந்த அரங்கம், 1945 மார்ச் 12 அன்று குண்டு விழுந்து எரிந்து, பத்து வருடம் கழித்து பீத்தோவனின் ‘ஃபிடேலியோ’வோடு மறுபடி திறந்தது. உட்காரும் நல்ல சீட்டு இருநூறு யூரோவைத் தாண்டும். நின்று கேட்க இருபது யூரோவுக்குள் கிடைக்கிறது. நின்றுகொண்டு கேட்பதை இங்கே யாரும் இளப்பமாக நினைப்பதில்லை. விஷயம் தெரிந்தவர்கள் நிற்குமிடத்தில்தான் இருப்பார்கள் என்று ஒரு பேச்சு.

உள்ளே போனதும் ஆளாளுக்குக் கழுத்திலிருந்த மஃப்ளரைக் கழற்றிக் கம்பியில் கட்டினார்கள். எதற்கென்று புரியாமல் நின்றேன். பக்கத்தில் எழுபது வயதுக்காரர், என் சால்வையின் நுனியைக் காட்டி, கம்பியைக் காட்டி, “கட்டுங்கள். இடம் உங்களுடையது. போய்க் காப்பி குடியுங்கள்” என்றார். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது நம் கண்டுபிடிப்பு என்று அதுவரை நினைத்திருந்தேன். வித்தியாசம் ஒன்றுதான்: காப்பி குடித்துவிட்டு வந்தபோது என் காஞ்சிபுரம் கட்டம் போட்ட சால்வை அப்படியே இருந்தது, யாரும் அவிழ்க்கவில்லை.

அன்றைய ஆப்பரா ‘டோஸ்கா’. கம்பியிலேயே சின்னத் திரை, ஆங்கிலத்தில் வரிகள் ஓடின. முதல் அங்கம் முடிவதற்குள் கால் கெஞ்சியது. இரண்டாம் அங்கத்தில் டோஸ்கா தரையில் சரிந்தபடி அந்தத் தனிப்பாட்டை எடுத்தபோது காலை மறந்துபோனேன். பாட்டு நின்றதும் ஒரு கணம் யாரும் கை தட்டவில்லை. அப்புறம் மேலே காலரியிலிருந்து பொழிந்தது. கிழவர் என் பக்கம் திரும்பாமலே, “போன வாரம் பாடியவள் இதைவிட நன்றாகப் பாடினாள்” என்றார். மயிலாப்பூரிலும் இதே ஆளை எனக்குத் தெரியும்.

நவம்பர் 16, சனி

இருமல் நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. ராத்திரி முழுக்க. மருந்துக் கடையில் ஒரு பாட்டில் சிரப் 11 யூரோ. தேன் வாசனை, பயன் ஒன்றும் இல்லை.

காலையில் ஹைலிகென்ஸ்டாட். முன்பு தனிக் கிராமம், இப்போது மெட்ரோவும் பஸ்ஸுமாக அரை மணி நேரம். ப்ரோபுஸ்காஸே தெருவில் ஆறாம் எண் வீடு. 1802-இல் மருத்துவர் சொன்னதன்பேரில் காது குணமாகும் என்று நம்பி பீத்தோவன் வந்து தங்கியதாகச் சொல்லும் வீடு. காது தேறவில்லை. அக்டோபரில் தன் தம்பிகளுக்கு ஒரு கடிதம் எழுதி, அனுப்பாமலே வைத்துக்கொண்டார். 1827-இல் அவர் போன பிறகுதான் அது காகிதங்களுக்கு நடுவில் கிடைத்தது. பக்கத்தில் நிற்பவனுக்குத் தூரத்துப் புல்லாங்குழல் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை, அது எவ்வளவு அவமானம் என்று அதில் எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு 31 வயது.

சின்ன வீடு, நடுவில் முற்றம், மரப்படி. கண்ணாடிப் பெட்டியில் காதுக் குழல்கள். மெட்ரோனோம் என்ற தாளம் காட்டும் கருவிக்குப் பேர்போன மேல்ஸெல்தான் அவருக்கு இவற்றைச் செய்துகொடுத்தவர். ஒன்று நம் வீட்டு எண்ணெய்ப் புனலைப் போலவே இருந்தது. வாய்ப் பக்கம் மட்டும் ஒரு சின்ன சல்லடை. அதைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். அவருடைய காதுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று போட்டுக் காட்டும் ஹெட்போனும் உண்டு. மாட்டினேன். தலையணைக்கு அடியில் யாரோ வயலின் வாசிப்பதுபோல் வந்தது. என் இருமல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

இரவு ம்யூசிக்ஃபெரைன். இந்தப் பயணமே இதற்காகத்தான். 1870-இல் திறந்த தங்க மண்டபம், 1,744 இருக்கை. புத்தாண்டுக் கச்சேரி டிவியில் வருமே, அதே இடம். அரங்க ஒலியியல் என்று ஒரு சாஸ்திரம் உருவாகும் முன்பே கட்டியது. செருப்புப் பெட்டி மாதிரி நீள்சதுரம், தரைக்கு அடியில் வெற்றிடம், மேலே தொங்கவிட்ட மரக் கூரை. ஆக மொத்தம் நாம் ஒரு பெரிய வயலினுக்குள் உட்கார்ந்திருக்கிறோம். இதே கட்டடத்தில்தான் ஹைடன் என்ற இசைமேதையின் மண்டையோடும் 1954 வரை இருந்தது. 1809-இல் அவரைப் புதைத்த சில நாளில், மண்டை அமைப்பை வைத்து மேதைமையை அளக்கலாம் என்று நம்பிய ஆட்கள் அதைத் திருடிவிட்டார்கள். கை மாறிக் கை மாறி, 1895-இல் இந்த மண்டபத்தின் சொந்தக்காரரான இசைச் சங்கத்திடம் வந்துசேர்ந்தது. கடைசியில் ஐசன்ஸ்டாட்டில் உடம்போடு சேர்த்தபோது, முன்பு ஏமாற்றுவதற்காக வைத்த வேறொருவர் மண்டையை எடுக்கவில்லை. ஆக ஹைடன் இப்போது இரண்டு தலையோடு இருக்கிறார்.

பக்கவாட்டு மாடத்தில் இடம், பாதி ஆர்க்கெஸ்ட்ரா தெரிந்தது. பிராம்ஸின் நான்காம் சிம்பனி. 1897 மார்ச்சில், சாவதற்கு ஒரு மாதம்கூட இல்லாத நிலையில், பிராம்ஸ் இதே மண்டபத்தில் உட்கார்ந்து இதே சிம்பனியைக் கேட்டார். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் ஜனங்கள் எழுந்து நின்று அவரைப் பார்த்துக் கை தட்டினார்களாம்.

இங்கே கேட்பவர்களின் அமைதி எனக்குப் பயமாக இருந்தது. நம் சபாவில் தொடையில் தாளம் போடுவோம், ‘பலே’ சொல்வோம், தனி ஆவர்த்தனத்தில் காண்டீனுக்கும் போய் வருவோம். இங்கே நிகழ்ச்சி நிரல் காகிதத்தைக்கூட யாரும் திருப்பவில்லை. எல்லா இருமலும் ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையில், வரிசையில் நின்று முறை வைத்ததுபோல் வெடிக்கிறது. அப்புறம் கப்சிப்.

என் தொண்டைக்கு அந்த ஒழுங்கு தெரியவில்லை. இரண்டாம் பகுதி, மெதுவாகப் போவது. ஹார்ன்கள் தொடங்கி, கிளாரினெட் மெல்ல எடுத்துக்கொண்டது. தொண்டையில் ஒரு எறும்பு. அடக்கினேன். கண்ணில் நீர் கோத்தது. சால்வையை வாயில் திணித்தேன். அடக்க அடக்க எறும்பு பத்தாயிற்று. எழுந்து போகலாம் என்றால் என் வரிசையில் ஆறு பேரைத் தாண்ட வேண்டும், மர நாற்காலி கிறீச்சிடும். கடைசியில் ஒன்று வெளியே வந்தேவிட்டது. பெரியது. கீழே ஒரு வழுக்கைத் தலை திரும்பியது.

அடுத்து வரப்போவதை நினைத்து நடுங்கியபோது, பக்கத்தில் இருந்த அம்மாள் என் கையைப் பிடித்து உள்ளங்கையில் எதையோ வைத்தார். மிட்டாய். காகிதம் இல்லாமல், ஏற்கெனவே உரித்தது. அவர் மடியில் ஒரு சின்னத் துணிக் கைக்குட்டை விரித்திருந்தது. அதில் இன்னும் நாலைந்து, எல்லாம் உரித்தவை, வரிசையாக. காகிதம் சரசரக்கும் என்று வீட்டிலேயே உரித்து எடுத்து வந்திருக்கிறார்! மூன்றாம் பகுதிக்கு முன்னால் மறுபடியும் ஒன்று வைத்தார். என்னை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசிப் பகுதியில்தான் எனக்குப் பிடி கிடைத்தது. எட்டே எட்டு சுரம் வரிசையாக ஏறி இறங்குகிறது. அதையே வைத்துக்கொண்டு முப்பது தடவை, தடவைக்கு ஒரு விதமாக, கோபமாக, கெஞ்சலாக, ஒற்றைப் புல்லாங்குழலாக. இது நிரவல்தானே! ஒரே வரியை எடுத்துக்கொண்டு விடாமல் வளைப்பது. விரல் தானாகத் தொடையில் எண்ண ஆரம்பித்தது. சத்தம் இல்லாமல்தான்.

முடிந்ததும் நன்றி சொன்னேன். “எலுமிச்சையும் சேஜ் இலையும்” என்றார். “என் கணவர் இருமிக்கொண்டே இருப்பார். அவருக்காகப் பழகியது.” கணவர் வந்திருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. அவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது ஒரு ஜப்பானியப் பையன்.

நவம்பர் 17, ஞாயிறு

தங்கை மகள் வந்தாள், கையில் இஞ்சி. சூப்பர் மார்க்கெட் அநேகமாக எல்லாம் ஞாயிறு மூடல் என்பது எனக்குத் தெரியாது. நாஷ்மார்க்ட் சந்தையும் மூடல். அவள் லின்ஸிலிருந்து இஞ்சி சுமந்து வந்திருக்கிறாள்.

பதினொரு மணிக்கு ஆகுஸ்டீனர் தேவாலயம். இங்கே ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலேயே ஆர்க்கெஸ்ட்ராவும் பாடகர் குழுவும் வைத்து முழு மாஸ் (பூசைக்கென்று இயற்றிய பாடல் தொகுதி) ஒன்றைப் பாடுகிறார்கள். ஹைடன், மோட்சார்ட், ஷூபர்ட் என்று வாரத்துக்கு ஒன்று. டிக்கெட் கிடையாது, உண்டியல்தான். இந்தக் கோயிலில் ஒரு அறையில் ஹாப்ஸ்பர்க் குடும்பத்தாரின் இதயங்கள் வெள்ளிக் கலசங்களில் இருக்கின்றன. உடம்பு வேறொரு கோயிலில். தலை ஒரு இடம், இதயம் ஒரு இடம், இந்த ஊருக்கு அது வழக்கம் போல.

பாடகர்கள் பின்னால் மாடத்தில். நமக்கு முன்னால் பலிபீடமும் பாதிரியாரும் மட்டும். கை தட்டக்கூடாது. பாட்டு முடியும், மணி அடிக்கும், எல்லோரும் எழுவார்கள், உட்காருவார்கள். யாரும் கச்சேரி கேட்க வந்ததுபோல் உட்காரவில்லை. குளிரோ குளிர், கல்தரை வழியாகக் கால் விறைத்தது. வியாழன் இரவு 59 யூரோ கொடுத்துத் தூணைப் பார்த்ததை நினைத்துக்கொண்டே உண்டியலில் பத்து யூரோ போட்டேன்.

மதியம் கைஸர்ஷ்மார்ன்: அப்பத்தை வார்த்துப் பிய்த்துப் போட்டு, மேலே சர்க்கரைப் பொடி, தொட்டுக்கொள்ளப் பிளம் பழக் கூழ். கொத்துப் பரோட்டாவின் பணக்கார அத்தை. ஒரு தட்டு இருவருக்குத் தாராளம், 16 யூரோ.

அப்புறம் நோயே புர்க் மாளிகையில் பழைய வாத்தியங்களின் காட்சி. ஆள் அரவமே இல்லை. பியானோ கலைஞர் கிளாரா ஷூமனுக்குக் கல்யாணச் சமயத்தில் பியானோ செய்பவரான கான்ராட் கிராஃப் கொடுத்த பியானோ இங்கே இருக்கிறது. பிற்பாடு அது பிராம்ஸிடம் போனது. நேற்றுக் கேட்டவரின் பியானோ. ஒரு ஓரத்தில் சாவிகளின் தந்தம் மஞ்சளித்திருந்தது. வயலின் வரிசையைப் பார்த்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி சென்னையில் ஐரோப்பிய பேண்டுக்காரர்களிடம் இதைக் கற்றுக்கொண்டு நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்ததையும், பீத்தோவனும் தியாகராஜரும் ஒரே காலத்தவர்கள், மூன்றே வயது வித்தியாசம் என்பதையும் சொல்ல ஆரம்பித்தேன்.

“பெரியம்மா, காவலர் தூங்கிட்டாரு. நீங்க வேணும்னா எனக்கு மட்டும் சொல்லுங்க” என்றாள்.

சாயங்காலம் ரயில் நிலையத்தில் அவளை ஏற்றிவிட்டேன். கழிப்பறைக்கு 50 சென்ட். சில்லறை இல்லை. அதை விவரிக்க வேண்டாம்.

நவம்பர் 18, திங்கள்

பல மியூசியம் மூடியிருக்கும் நாள். விமானம் இரவில்தான். 71-ஆம் எண் டிராம் ஏறினேன். ‘71 பிடித்துவிட்டார்’ என்றால் வியன்னாவில் செத்துப்போனார் என்று அர்த்தம். டிராம் போகும் இடம் அப்படி. 1874-இல் திறந்த மத்தியக் கல்லறை, சுமார் 30 லட்சம் பேர் அடக்கம். இந்த ஊரில் உயிரோடு இருப்பவர்கள் 20 லட்சம்தான்.

இரண்டாம் வாயிலில் இறங்கி நடந்தால் 32ஏ பகுதி. நடுவில் மோட்சார்ட்டின் நினைவுத்தூண். அடியில் அவர் இல்லை. 1791-இல் அவரைப் புதைத்தது வேறு கல்லறையில். அவருக்கு இடமும் வலமுமாக பீத்தோவன், ஷூபர்ட், சற்றுத் தள்ளி பிராம்ஸ். பிராம்ஸ் கையைத் தலையில் வைத்து, கணக்கு வராத மாணவனைப்போல் உட்கார்ந்திருக்கிறார். பீத்தோவன் கல்லில் பெயர் மட்டும், வேறு ஒரு வார்த்தை இல்லை.

ஆனால் எதையும் நின்று பார்க்க முடியவில்லை. தோட்டக்காரர் ஒருவர் முதுகில் இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு உதிர்ந்த இலைகளை ஊதித் தள்ளிக்கொண்டிருந்தார். ஆட்டோ சைலன்ஸர் போன மாதிரி ஒரு சத்தம். பீத்தோவனுக்கும் ஷூபர்ட்டுக்கும் நடுவில் மஞ்சள் இலைகள் சுழன்று பறந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு இருமலும்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். இயந்திரத்தை அணைத்தார். காது மூடியைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பி ஒரு சிகரெட் பற்றவைத்தார். பார்த்து முடி என்றும் சொல்லவில்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை. எங்கோ ஒரு காக்கை. தூரத்தில் டிராம் வளைவில் திரும்பும் சத்தம். கோட்டுப் பையில் கை விட்டபோது சனிக்கிழமை அம்மாள் கொடுத்ததில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நூலும் தூசியுமாக. வாயில் போட்டுக்கொண்டேன்.

நான் திரும்பி நடந்து பெரிய பாதையை எட்டும்வரை பின்னால் சத்தம் இல்லை. அப்புறம் இயந்திரம் ஆரம்பித்தது.